விடுப்புக் கடிதத்தில் ‘சங்கம்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்காழியில் 1892 இல் பிறந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12, ஆண்டுதோறும் நூலகர் நாளாகக் கொண்டாடப்படும்போது, தங்கள் நாளிதழ் உள்பட எல்லா ஏடுகளிலும் நூலகங்களின் பெருமை பேசப்படுகிறது; வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டதே என்ற கவலையும் தவறாமல் கூடவே வந்துவிடுகிறது. ஆனால், நூலக அறிவியலில் பட்டம் பெற்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஏதோ ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ தன்னந்தனியாக ஒரு நூலகத்தின் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ளும் இளைஞர்கள் அதற்குப் பிறகு எப்படி வளர்கிறார்கள், அல்லது ஏன் வளராமல் நின்றுபோகிறார்கள் என்பது பற்றி ஒரு வரியும் வருவதில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரி நூலகராக இருப்பவள் என்ற முறையில், அந்த வளர்ச்சியில் தொழில்முறைச் சங்கங்களில் ஊதியமின்றிச் செய்யும் பணிக்கு இருக்கும் பங்கைப் பற்றியும், அந்தப் பணிக்கு இரு பக்கத்திலிருந்தும் போடப்படும் முட்டுக்கட்டைகளைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த இளம் நூலகர் ஒருவர் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. நான் உறுப்பினராக உள்ள நூலகச் சங்கத்தின் பயிலரங்கு ஒன்றில், பயிற்சிக்கான கணினிகளைத் தயார் செய்து வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தோம். அன்று சனிக்கிழமை, அவருடைய கல்லூரிக்கு வேலை நாள். ‘சங்கப் பயிலரங்கில் பொறுப்பு ஏற்றிருப்பதால் ஒரு நாள் ஓ.டி. வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். (ஓ.டி. என்பது ‘ஆன் டியூட்டி’; வெளியே சென்றாலும் பணியில் இருப்பதாகவே கணக்கு, விடுப்பு கழியாது.) மாலைக்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நிர்வாக அலுவலர் அவரை உட்காரச் சொல்லாமலே கேட்ட முதல் கேள்வி: “எந்தச் சங்கம்? சம்பளம் கேட்கிற சங்கமா?” அவர் விளக்கிச் சொன்ன பிறகும், ‘சங்கப்’ என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘தற்செயல் விடுப்பு’ என்று எழுதிக் கையொப்பம் இட்டார்கள். அந்த ஆண்டு அவருக்கு மீதம் இருந்த தற்செயல் விடுப்பு இரண்டே நாள்.

ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் போராடும் ஊழியர் அமைப்புக்கும், பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் கற்றுக்கொடுக்கும் தொழில்முறை அமைப்புக்கும் தமிழில் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். (முதல் வகைச் சங்கம் கூடாது என்பது என் கருத்தன்று, சுயநிதிக் கல்லூரி நூலகர்களுக்கு அதுவும் தேவை. அதை எழுதினால் இந்தக் கடிதம் வேறு கடிதமாகிவிடும்.) சொல் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் சிரிப்புக்கு உரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு எத்தனை இளைஞர்கள் அடுத்த முறை பொறுப்பு எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

நூலகர் வேலையின் ஒரு தன்மையை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. இளம் வழக்கறிஞருக்கு ஒரு சீனியர் உண்டு. பயிற்சி மருத்துவருக்கு வார்டில் மூத்தவர்கள் உண்டு. புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்குத் துறை அறையில் நான்கு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர்களில் பெரும்பாலான கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் நூலகர் என்றால் ஒருவர்தான். கூட ஓர் உதவியாளர் இருந்தால் அது கொடுப்பினை. படிக்கும்போது, நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் டியூயி பகுப்பு எண்ணைத் தேர்வுத்தாளில் சரியாகப் போட்டிருப்பார். ஆனால், வாங்கிய நூல்களை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் முந்தைய நூலகர் விட்டுச்சென்ற பிழைகளை என்ன செய்வது, இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போன நூல்களுக்கு யார் பொறுப்பு, கிழிந்தவற்றைக் கழித்துவிட யாரிடம் எந்த வடிவத்தில் ஒப்புதல் வாங்குவது என்பவற்றை எந்தப் பாடத்திட்டமும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை. காணாமல் போன நூல்களின் விலை தன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவிடுமோ என்ற பயத்திலேயே அலமாரியைப் பூட்டி வைக்கும் இளம் நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் இல்லை.

மேற்சொன்ன இளம் நூலகருக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அவருடைய கல்லூரியில் மின்தடைக்குப் பின் சர்வரை மீண்டும் இயக்கியபோது, புதிதாகப் பதிவு செய்திருந்த ஏறத்தாழ 600 நூல்களில் ஒன்றுகூட ஓபேக் என்னும் கணினி நூற்பட்டியலில் தேடினால் கிடைக்கவில்லை. நூலகப் பணிகளுக்கான கோஹா மென்பொருளில் பதிவுகள் இருக்கின்றன. தேடல் மட்டும் ‘இல்லை’ என்கிறது. அவர் அழாத குறைதான். கல்லூரியின் கணினித் துறையில் கேட்டால், லினக்ஸ் எங்களுக்குப் பழக்கம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு, பயிலரங்கில் உடன் பணியாற்றிய வேறொரு மாவட்டத்து நூலகரை அழைத்திருக்கிறார். அந்த நூலகர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஜீப்ரா இண்டெக்ஸ் ஓடுகிறதா, பாருங்கள்.” தேடலுக்கான அட்டவணையை உருவாக்கும் அந்தப் பகுதி ஓடவில்லை. தொலைபேசியிலேயே அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, இவர் கட்டளையைத் தட்டச்சு செய்தார். கொஞ்ச நேரத்தில் 600 நூல்களும் தேடலில் வந்து நின்றன. ஒரு தற்செயல் விடுப்பு நாளைக் கழித்துக்கொண்டு அவரை அனுப்பிய கல்லூரிக்கு, அந்த ஒரு நாளில் கிடைத்த அறிமுகம்தான் நாக் குழுவின் முன் மானத்தைக் காப்பாற்றியது. கல்லூரி நிர்வாகத்துக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “சொல்லவில்லை மேடம், சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்” என்றார்.

பழைய வரலாறு ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ரங்கநாதன் நூலகராகவே பிறந்துவிட்டதைப் போலத்தான் ஆகஸ்ட் மாதத்து மேடைகளில் பேசுகிறோம். அவர் கணித ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924 இல் சேர்ந்தபோது, ஆளரவமற்ற அந்த வேலை அவருக்குச் சில நாள்களிலேயே கசந்துபோய், மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். முதலில் இலண்டன் போய்ப் படித்துவிட்டு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைக்கப்பட்டார். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925 இல் திரும்பியவர், 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார். அப்போது அவருடைய நூலக அனுபவம் நான்கே ஆண்டுகள். இன்றைய கணக்கில் அவரும் ஒரு புதிய நூலகர்தான்.

அந்தச் சங்கப் பணி அவருக்கு என்ன தந்தது என்று பாருங்கள். நூலகப் பயிற்சிக்கான கோடை வகுப்பை 1929 இல் தொடங்கியது பல்கலைக்கழகம் அன்று, சங்கம். பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது 1931 இல். அவர் எழுதிய ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ நூலை 1931 இலும், நூல்களை வகைப்படுத்த அவர் வகுத்த கோலன் பகுப்பை 1933 இலும் அச்சிட்டு வெளியிட்டது அதே சங்கம். ஒரு பல்கலைக்கழக நூலகர் பதவி தந்திருக்கக்கூடியது மேசையும் மாதச் சம்பளமும்தான். கேட்பதற்கு ஓர் அவையையும், கற்பிப்பதற்கு மாணவர்களையும், எழுதியதை வெளியிட ஒரு பதிப்பகத்தையும் அவருக்குத் தந்தது அந்த ஊதியமில்லாத செயலாளர் வேலை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதற்கும், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தார் என்பதோடு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் சங்கம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது என்பதும் காரணம். இன்று நாம் சொத்து வரியோடு செலுத்தும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழி வந்தது.

ரங்கநாதனோடு யாரையும் ஒப்பிடுவது என் நோக்கம் அன்று. சாதாரண நூலகர்களின் வாழ்க்கையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு என் கதையே போதும். நான் 2006 இல் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவி நூலகராகச் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, மாநாடு ஒன்றில் எனக்குக் கிடைத்த முதல் சங்கப் பொறுப்பு, வந்தவர்களின் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டக் கொடுப்பது. அடுத்த ஆண்டு, கட்டுரைகளைத் திரட்டி மெய்ப்புப் பார்ப்பது. அதற்கு அடுத்த ஆண்டு, தமிழ் நூல்களைப் பட்டியலாக்குவது பற்றி நாற்பது பேர் முன்னிலையில் ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது.

அந்த வகுப்புக்காக நான் திரட்டிய எடுத்துக்காட்டுகள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ‘மு. வரதராசன்’ என்று ஒரு நூலகத்தில் பதிவு, ‘வரதராசன், மு.’ என்று இன்னொன்றில்; ‘மு.வ.’ என்று மூன்றாவதில். ஒரே நூலகத்தில் இந்த மூன்றும் இருந்ததும் உண்டு. கணினிக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆசிரியர்கள். ‘கல்கி’யின் நூல்களைத் தேடும் மாணவருக்கு ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ என்ற தலைப்பின்கீழ் இருப்பவை கண்ணில் படுவதே இல்லை. மேலைநாட்டு விதிகள் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும், சிலருக்கு ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் முன்னால் நிற்க, சொந்தப் பெயர் கடைசியில் வருகிறது. அன்று வகுப்பு முடிந்ததும், ஓய்வு பெற்ற ஒரு மூத்த நூலகர் என்னை அழைத்து, நான் சொன்னதில் இருந்த இரண்டு பிழைகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். என் கல்லூரியில் பத்து ஆண்டுகள் இருந்தாலும் அந்தப் பிழைகளைச் சுட்டிக்காட்ட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

பின்னர், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் நேர்காணலில், முப்பதாயிரம் நூல்கள் உள்ள நூலகத்தை ஒரு நாள்கூட மூடாமல் எப்படிக் கணினிமயமாக்குவீர்கள் என்று கேட்டார்கள். நான் அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. ஆனால், செய்து பார்த்து முதல் முறை தோற்றவர்கள் இருவரும், தோற்காதவர்கள் இருவரும் மாநாட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி சொன்னவை நினைவில் இருந்தன. அடிக்கடி வெளியே போகும் நூல்களை முதலில் பதிவு செய்வது, திரும்பி வரும் நூலை அலமாரிக்கு அனுப்பும் முன்பே பார்கோடு ஒட்டிவிடுவது என்று அவர்களுடைய அனுபவத்தை வரிசையாகச் சொன்னேன். வேலை கிடைத்தது. சங்கத்தில் இருந்தால் யாராவது சிபாரிசு செய்வார்கள் என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் செய்யவில்லை, அப்படிக் கிடைக்கும் வேலை நிலைக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம். கிடைப்பது வேறு வகையான உதவி.

இவ்வளவு சொன்ன பிறகு, சங்கங்களின் பக்கத்துக் குறையை மறைப்பது நேர்மை ஆகாது. இளைஞர்களுக்கு நாம் கொடுக்கும் வேலை பல இடங்களில் பொன்னாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பதோடு முடிந்துவிடுகிறது. விருந்தினரை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, நினைவுப் பரிசைக் காகிதத்தில் சுற்றுவது, மதிய உணவுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது ஆகியவை எல்லாம் யாராவது செய்ய வேண்டியவைதாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒருவரே சீட்டுக் கிழித்தால் அவர் நூலகவியலில் கற்றுக்கொள்வது ஒன்றும் இல்லை. நான் மூன்று மாதம் இரவில் உட்கார்ந்து திருத்திய ஒரு மாநாட்டு மலரில், தொகுப்பாளர் என்ற இடத்தில் அதன் ஒரு பக்கத்தைக்கூடப் படித்திராத ஒருவரின் பெயர் இருந்தது. என் பெயர் உணவுக் குழுவில் அச்சாகியிருந்தது. உணவுக் குழுவில் நான் இல்லவே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அன்றோடு நின்றுபோயிருக்கக் கூடியவள்தான் நான்.

பதவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயுள் உறுப்பினர்களே வாக்களித்து, அவர்களுக்குள்ளேயே தலைவரும் செயலாளரும் மாறி மாறி வரும் அமைப்பில், இளைஞருக்குச் செயற்குழுவின் வாசல் தெரிவதற்குள் தலை நரைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியூரில் நடக்கும் கூட்டம் என்றால் கைக்குழந்தை உள்ள பெண் நூலகர் வர இயலாது. என்னோடு அட்டை எழுதத் தொடங்கிய தோழியர் இருவர் அப்படித்தான் காணாமல் போனார்கள். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு இணையவழிக் கூட்டங்கள் வழக்கமாகியிருப்பது இந்த வகையில் நல்லது, சாப்பாட்டு வரிசையில் கிடைக்கும் பாடம் அதில் இல்லை என்றாலும். இலவசமாக உழைக்க வசதி இருப்பவர்களுக்கே வளரும் வழி திறக்கும் என்றால், அது தொழிலுக்கும் கேடு. பயணச் செலவைக்கூடக் கைப்பணத்திலிருந்து போடச் சொல்லிவிட்டு, அதற்குத் தொண்டு என்று பெயர் வைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

வேறு இடங்களில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு ஓரிரு செய்திகள் போதும். அமெரிக்க நூலகச் சங்கத்தில் இளைய உறுப்பினர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு 1931 இல் தொடங்கப்பட்டது. சென்னை நூலகச் சங்கம் ஐந்து விதிகளை வெளியிட்ட அதே ஆண்டு அது. முதல் குழுப் பொறுப்பைப் புதியவர்கள் அங்கே பெற்றுப் பழகிய பிறகு பெரிய குழுக்களுக்குப் போகிறார்கள். அதே சங்கம் 2007 முதல், தேர்ந்தெடுத்த புதிய நூலகர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சங்கத்துக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு வேலையைச் சில மாதங்களில் செய்து முடிக்கச் சொல்கிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. 1960 இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் பட்டயப் படிப்பு தமிழ் வழியிலும் உண்டு. பணியில் இருக்கும் நூலகர்களே அங்கே கற்பிக்கிறார்கள்; கற்றவர்கள் பின்னர் கற்பிக்க வருகிறார்கள். 1929 இல் சென்னையில் கோடை வகுப்பு தொடங்கிய காலத்து முறைக்கு நெருக்கமானது அது.

நம்மால் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கல்லூரி நிர்வாகங்கள், ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு செல்ல ஓ.டி. தருவதைப் போலவே, நூலகருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாளாவது தொழில்முறைச் சங்கப் பணிக்குத் தரலாம். அவர் திரும்பி வந்ததும் கற்றுவந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லலாம். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கலந்துகொண்ட கருத்தரங்குகள்’ என்ற கட்டம் இருக்கிறது, ‘நடத்தியவை’க்கும் ஒரு கட்டம் இருக்கிறது, நடத்துவதற்கு உழைத்தவருக்கு எங்கள் கல்லூரிப் படிவத்தில் கட்டமே இல்லை. சங்கங்கள், பொறுப்பை வாய்மொழியாக ‘நீ பார்த்துக்கொள் அம்மா’ என்று சொல்லாமல், என்ன வேலை, எத்தனை மாதம், யாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். முடிந்ததும், செய்தவர் பெயரை அச்சிலும் போடட்டும். எல்லாவற்றையும்விட, முதல் ஆண்டில் அட்டை எழுதியவரை இரண்டாம் ஆண்டும் அட்டை எழுத வைக்கக் கூடாது.

பொது நூலகத் துறையில் உள்ள ஊர்ப்புற நூலகர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர்களில் சிலர், வாசகர் வட்டத்தையும் புரவலர்களையும் தாமே திரட்டி நூலகத்தை நடத்தும் திறமை கொண்டவர்கள். கல்லூரி நூலகர்களாகிய நாங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இரு தரப்பாரும் ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பு சங்க நிகழ்ச்சிகளைத் தவிர வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் வெளியாகும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் நூலக அறிவியலுக்கு இரண்டு வரி ஒதுக்கப்படுகிறது. ‘அமைதியான பணி, பெண்களுக்கு ஏற்றது’ என்ற தொனியில் அது முடிந்துவிடுகிறது. அந்தப் படிப்பை முடித்தவர் தனியாக விடப்படுவார் என்பதையும், தனிமையிலிருந்து வெளியேற வழிகள் இருக்கின்றன என்பதையும் அடுத்த முறை சேர்த்து வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த இளம் நூலகர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த பயிலரங்கில், ஜீப்ரா சிக்கலைப் பற்றி அரை மணி நேரம் அவரே வகுப்பு எடுக்கப் போகிறார். விடுப்புக் கடிதத்தில் ‘சங்கம்’ என்று போடாமல் ‘கழகம்’ என்று போடலாமா என்று கேட்டார். தேர்தல் நேரத்தில் அது இன்னும் பெரிய வம்பு என்று சொன்னேன். ‘பயிற்றுநராகச் செல்கிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.